வட்டத்துக்குள்ளே பொடி

இசக்கிசெல்விக்குப் பொறாமை உண்டு. அதை மறைத்துவிட்டு அவள் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை. மற்றபடி அவள் நல்லவள்தான். அடுத்த வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாக வந்து அரிவாள்மனையைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். பக்கத்துச் சந்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சி இவள் வீட்டிலிருந்து போகும். ஆனால் தனக்கு வரவேண்டிய பேர் இன்னொருத்திக்குப் போய்விட்டதென்று தெரிந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அவளைப் படைத்த விதம் அப்படி.

பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்து முடித்ததும் செல்வி செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தாள். கழுவிக்கொண்டே மாலை வகுப்பில் படித்தாள். படித்து, அதே ஆஸ்பத்திரியின் கிருமி பார்க்கும் லேபில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கழுவிய கையால் எழுதுகிறாளே என்று அப்போது சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்கள் எல்லாரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இவள் இருக்கிறாள்.

அவள் வேலை என்னவென்று சொல்லிவிட்டால்தான் மற்றது புரியும். நோயாளியின் ரத்தத்திலிருந்தோ புண்ணிலிருந்தோ கிருமியை எடுத்து, கூழ் உறையவைத்த வட்டத் தட்டில் ஒரு மெழுகு மெழுகுவார்கள். அதன் மேல் மருந்தில் தோய்ந்த காகித வில்லை ஒன்று, நெற்றிப் பொட்டு அளவுக்கு. தட்டு ஒரு நாள் முழுக்கக் கதகதப்பான பெட்டிக்குள் இருக்கும். மருந்துக்குக் கிருமி அடங்கினால் வில்லையைச் சுற்றி வட்டமாகத் துப்புரவாக இருக்கும். அடங்காவிட்டால் வில்லை வரைக்கும் வந்து அப்பிக்கொள்ளும். வட்டத்தை அளந்து, கேட்கும் கேட்காது என்று செல்வி எழுதுவாள். மாடியில் டாக்டர்கள் அதைப் பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்வார்கள்.

இதில் செல்விக்கு ஒரு பேர் இருந்தது. வட்டம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், உள்ளே ஒற்றைப் புள்ளி முளைத்திருந்தால் அவள் கண்ணுக்குத் தப்பாது. சாதாரணக் கிருமிகளில் அந்தப் புள்ளிதான் ஆபத்து. அது மருந்தை மதிக்காத வம்சம், நாளைக்கு அதுதான் பெருகும். அப்படி அவள் பிடித்துக்கொடுத்த புள்ளிகள் ஏராளம். லேபின் தலைவி டாக்டர் நாகலக்ஷ்மி, மாட்டுங்காக்காரர், அதிகம் பாராட்டுகிறவர் அல்ல. அவரே வந்தவர்களிடம், "செல்வி பார்த்தாச்சுன்னா நான் பார்க்க வேண்டாம்" என்று சொல்வார். செல்விக்கு அந்த வார்த்தை ஒரு தீபாவளிப் புடவைக்குச் சமம்.

அப்புறம்தான் பரீஹா வந்தாள்.

தாராவியில் தோல் பை செய்யும் கரீம் பாட்சாவின் மகள். பெரிய படிப்பு, ஈஸ்ட் கிருமிக்கு மருந்து சோதிப்பதற்கென்றே தனியாகப் பயிற்சி எடுத்து வந்தவள். ஈஸ்ட் என்றால் பன்னுக்குப் போடுகிறோமே, அதற்குப் பங்காளி. ஆஸ்பத்திரியில் நாள்பட்டுக் கிடக்கிறவர்களின் ரத்தத்துக்குள் புகுந்துவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க அதுவரை வெளி லேபுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இனி நாமே பார்ப்போம் என்று டாக்டர் முடிவெடுத்தபோது, அந்த மேஜை தனக்குத்தான் என்று செல்வி நினைத்திருந்தாள். நினைத்ததோடு நில்லாமல் புருஷன் நாகராஜிடமும் சந்திலும் சொல்லியும் வைத்திருந்தாள்.

டாக்டர் இப்படிச் சொன்னார்: "இப்போதைக்கு ரெண்டு பேருமா சேர்ந்து ஆரம்பியுங்கோ. யார் பொறுப்புங்கறதை ரெண்டு மாசம் பார்த்துட்டுச் சொல்றேன்."

அன்றிலிருந்து செல்விக்கு பரீஹா செய்வதெல்லாம் குத்தியது. ஈஸ்ட்டுக்கான தட்டில் ஒரு சாயம் சேர்ப்பார்கள், இளநீலமாக இருக்கும். அந்த நீலத்தைப் பார்த்தாலே எரிச்சல். பரீஹா ஜன்னல் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தால் எரிச்சல். டாக்டரும் அவளும் இங்கிலீஷில் ஏதோ பேசிச் சிரித்தால், தன்னைத்தான் சொல்கிறார்களோ என்று எரிச்சல். பரீஹா வீட்டிலிருந்து கறி சமோசா கொண்டுவருவாள். லேபே கூடித் தின்னும். செல்வியும் இரண்டு எடுத்துக்கொள்வாள். தின்று முடித்துவிட்டு, "உப்பு காணாது" என்பாள்.

"நீ வேலைக்குப் போயி ஒத்தையா வாரதே இல்ல, கூடவே பரீஹாவும் வந்திருதா. அவளுக்கும் சேத்து ஒரு தட்டு வையி" என்று நாகராஜ் ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு அவர் தட்டில் விழுந்த ரசத்தில் சூடு இல்லை.

இந்தச் சமயத்தில்தான் செண்பகவல்லி அந்த ஆஸ்பத்திரியில் வந்து படுத்தாள். பின்சந்தில் முறுக்கு சுட்டு விற்கிறவள். செல்விக்கு மதினி முறை. குடலில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்புறம் காய்ச்சல் விடவில்லை. ரத்தத்தைச் சோதித்தால் ஈஸ்ட். கடுமையான மருந்து ஒன்றைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினார்கள். ஏற்றும்போதெல்லாம் குளிர் உதறித் தள்ளும். நர்சுகளே அதற்கு நடுக்க மருந்து என்று பேர் வைத்திருந்தார்கள்.

மகன் மாரிசெல்வம் பஸ் ஸ்டாப்பில் செல்வியைப் பிடித்தான்.

"அத்தே, காய்ச்சல் நின்னுட்டு. ஆனா அந்த டிரிப்பு ஏறுனா அம்மைக்கு கட்டிலே ஆடுது. கிட்னி வேற வாடுதாம். மாத்திரை கேக்கும்னு லேபுல சொல்லிட்டா டிரிப்ப நிறுத்தி வீட்டுக்கே அனுப்பிருவாவளாம். நீங்கதான பாக்கீங்க?"

"நாந்தாம்ல பாக்கேன். வேற யாரு பாப்பா?" என்றாள் செல்வி. அது முழு உண்மை இல்லை. தட்டைப் போட்டது பரீஹா.

ஆனால் மறுநாள் பரீஹாவுக்கு லீவு. மும்ப்ராவில் பெரியப்பா மகளுக்கு நிக்காஹ். முந்தின நாளே இரண்டு தட்டு போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒன்று செண்பகவல்லியின் கிருமி. இன்னொன்று கண்ட்ரோல் தட்டு: மாத்திரை மருந்துக்கு அடங்கும் என்று எப்போதோ உறுதியான, லேபில் பத்திரமாக வைத்திருக்கிற சாதுவான ஈஸ்ட். அதையும் கூடவே போட்டுப் பார்த்தால் தட்டும் மருந்தும் பார்க்கிற கண்ணும் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். முதலில் கண்ட்ரோல், பிறகுதான் நோயாளி. செல்வி எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த முறைதான்.

அன்றைக்கு அவள் நேரே செண்பகவல்லியின் தட்டை எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்தாள்.

வட்டம் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே, வில்லை வரைக்கும், அரிசி மாவைச் சலிக்கும்போது பறந்து படிகிற மாதிரி மெல்லிய பொடி. அசைத்துப் பார்த்தாள். முளைத்த பொடிதான்.

அவளுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! மதினிக்கு மாத்திரை கேட்காது என்றால் அழவேண்டும். இவளுக்கோ நெஞ்சு குளிர்ந்தது. அந்தப் பெண்ணாக இருந்தால் இதை விட்டிருப்பாள், வட்டம் பெரிசு என்று எழுதிவிட்டுப் போயிருப்பாள், நானாக இருக்கக் கொண்டு பிடித்தேன் என்று நினைத்தாள். கண்ட்ரோல் தட்டு பெட்டிக்குள் பரீஹாவின் உருண்டை எழுத்தோடு அப்படியே இருந்தது. இவள் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் அன்றைக்கு வெளியே ஒரு கூட்டத்தில் இருந்தார். செல்வி போன் செய்தாள்.

"மேடம், அந்த ஈஸ்ட்டுக்கு மாத்திரை கேக்காது. உள்ள பூரா பொடி."

"நிச்சயமா செல்வி? பரீஹாட்ட ஒரு வார்த்தை கேட்டேளா?"

அதைக் கேட்காமல் இருந்திருந்தால் செல்வி ஒருவேளை இன்னொரு தரம் பார்த்திருப்பாள். கேட்டுவிட்டார்.

"அவ கல்யாண வீட்டுல இருப்பா மேடம். கண்ணு எனக்கும் இருக்கு."

"கோவிச்சுக்காதீங்கோ. நீங்க பார்த்தாச்சுன்னா சரி. அனுப்பிடுங்கோ."

ரிப்போர்ட் மாடிக்குப் போயிற்று. செண்பகவல்லி வீட்டுக்குப் போகவில்லை. அன்று சாயங்காலம் நடுக்க மருந்து ஏறியது.

மறுநாள் பரீஹா மருதாணி சிவந்த கையோடு வந்தாள். வந்தவுடனே குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த செண்பகவல்லியின் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"யக்கா, இந்தப் பொடிக்காகவா கேக்காதுன்னு எழுதுனீங்க?"

"ஏன், உனக்குத் தெரியலயா? கண்ணாடி வேணுமா?"

"தெரியுதுக்கா. பாக்டீரியாவுக்குன்னா நீங்க சொல்லுததுதான் சரி. இது ஈஸ்ட்டு. இந்த மருந்து அதக் கொல்லாது, அமுக்கித்தான் வைக்கும். அமுக்கும்போது பொடி கொஞ்சம் எட்டிப் பாக்கத்தான் செய்யும். அதக் கணக்குல சேக்கக் கூடாது. அடர்த்தி எங்க சட்டுனு குறையுதோ, அங்க அளக்கணும்."

"ஏட்டி, நீ பால்பல்லு விழுந்து சிரிக்கையில நான் இந்த லேபுல தட்டு பாத்தவ. எனக்கே படிச்சுக் குடுக்கியா?"

"அய்யோ, அதுக்கில்லக்கா." பரீஹாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "காலி பீலி, சும்மா எதுக்கு நமக்குள்ள தகராறு? கண்ட்ரோல் தட்ட எடுங்க, அதுலயே தெரிஞ்சிரும்."

"அது பாத்தாச்சு. சரியாத்தான் இருந்துச்சு. கழிவுல போட்டாச்சு."

போட்டது உண்மை. காலையில் பெட்டியைத் துடைக்கும்போது எடுத்துப் போட்டிருந்தாள். பார்த்தது பொய். அவள் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது.

டாக்டர் இருவரையும் கேட்டார். தட்டைத் தானும் பார்த்தார். "பரீஹா சொல்றதுலே நியாயம் இருக்கு. ஆனா கண்ட்ரோல் சரியா இருந்துதுன்னு செல்வி சொல்றாளே. ஒரே வாயால நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணுன்னு வார்டுக்குச் சொல்ல முடியாது. திரும்பப் போடுங்கோ, நாளைக்குப் பார்த்துட்டு முடிவு சொல்லலாம். அதுவரைக்கும் இப்போ போற மருந்தே போகட்டும்."

பரீஹா உடனே புதிய தட்டைப் போட உட்கார்ந்தாள். செல்வி தன் மேஜைக்கு வந்தாள். பொய் சொன்னது அவளை உறுத்தவில்லை. நாளைக்கு அந்தப் பெண் ஜெயித்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் உறுத்தியது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். எழுந்து கழிவு அறைப் பக்கம் போனாள்.

அங்கே சுயம்பு பைகளின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். கிருமித் தட்டுகளை ஆவியில் வேகவைத்து வெளியே தள்ளுவது அவர் வேலை.

"அண்ணாச்சி, காலையில போட்ட பையி வெந்துட்டா?"

"இப்பத்தான் வைக்கப் போறேன். என்ன, மோதிரம் கீதிரம் விழுந்துட்டா?"

"ஆமா, வைர மோதிரம். தள்ளுங்க."

கையுறை மாட்டிக்கொண்டு தேடினாள். நீலத் தட்டு அடியில் கிடந்தது. மூடியைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

பெரிய வட்டம். அதற்குள்ளே, வில்லை வரைக்கும், அதே மாவுப் பொடி.

அடங்கும் என்று உலகத்துக்கே தெரிந்த ஈஸ்ட் அது. அதன் வட்டத்துக்குள்ளும் பொடி இருக்கிறது. அப்படியென்றால் பொடிக்கு ஒரு மதிப்பும் இல்லை. செண்பகவல்லிக்கு மாத்திரை கேட்கும். நேற்றே கேட்டிருக்கும்.

செல்விக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். அந்தப் பெண்மேல் கோபம். நீ சரியாக இருக்கிறாயே என்று கோபம். தட்டைத் திரும்பப் பைக்குள் போட்டால் போதும், சுயம்பு வேகவைத்துவிடுவார். நாளைக்கு இரண்டாவது தட்டு உண்மையைச் சொல்லிவிடும். ஒரு தடவை அப்படித் தெரியத்தான் செய்யும் என்று டாக்டரும் விட்டுவிடுவார். கண்ட்ரோலைப் பார்க்காமல் பார்த்தேன் என்று சொன்னது வெளியே வராது.

ஆனால் இன்றைக்குச் சாயங்காலம் டிரிப் ஏறும். கட்டில் ஆடும். வாடுகிற கிட்னி இன்னும் கொஞ்சம் வாடும்.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு நடந்தாள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், உள்ளே பரீஹா நிக்காஹ் இனிப்பு டப்பாவை நீட்டுகிறாள், டாக்டர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். இனிப்பு என்றால் சர்க்கரை ஏறும் என்று செல்வி கொண்டுபோகும் அதிரசத்தை ஒவ்வொரு வருஷமும் வேண்டாம் என்கிறவர் அவர். செல்வி அப்படியே திரும்பி, கை கழுவுகிற தொட்டி வரைக்கும் வந்துவிட்டாள்.

அங்கே நின்று ஒரு கணக்குப் போட்டாள். நாளைக்குத் தட்டு சொன்னால் பரீஹா சொன்னது சரி என்று ஆகும், செல்வி தோற்றாள் என்று ஆகும். இன்றைக்கு நானே போய்ச் சொல்லிவிட்டால் அவள் எங்கே ஜெயித்தாள்? நான்தானே கண்டுபிடித்தேன்! மதினியின் நடுக்கம் பாதி, இந்தக் கணக்கு பாதி. இரண்டும் சேர்ந்துதான் அவளைக் கதவைத் தள்ள வைத்தது. முழுக்க நல்ல மனசோடு போனாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"மேடம், என் ரிப்போர்ட்டு தப்பு."

டாக்டர் மேஜைமேல் இருந்த செண்பகவல்லியின் தட்டுக்குப் பக்கத்தில் கையிலிருந்த தட்டை வைத்தாள். "கண்ட்ரோல நான் பாக்கல. பாத்தேன்னு சொன்னது பொய்யி. இப்பத்தான் கழிவுல இருந்து எடுத்துட்டு வந்து பாத்தேன். இதுலயும் அதே பொடி. மாத்திரை கேக்கும்."

டாக்டர் வாயிலிருந்த இனிப்பை மென்று விழுங்கினார். தட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"செல்வி, உங்ககிட்டேயிருந்து இதை நான் எதிர்பார்க்கலை."

"தெரியும் மேடம்."

"பொய் சொன்னதைச் சொல்றேன். தப்பு எல்லாருக்கும் வரும்."

"அதுவும் தெரியும் மேடம். மொதல்ல மாடிக்குச் சொல்லணும். டிரிப்பு ஏத்த இன்னும் நேரம் இருக்கு."

பரீஹா போனை எடுக்கப் போனாள். செல்வி அவள் கையைத் தட்டிவிடாத குறையாகப் போனைப் பிடுங்கினாள்.

"நான் சொல்லுதேன். நான் எழுதுனது." வார்டு டாக்டர் எடுத்ததும் ஹிந்தியில் சொன்னாள்: நேற்றைய ரிப்போர்ட் தப்பு, மாத்திரை கேட்கும், திருத்திய ரிப்போர்ட் வருகிறது, அதைப் பார்க்காமல் இன்றைக்கு டிரிப் ஏற்றவேண்டாம். போனை வைத்துவிட்டு மேஜை விளிம்பில் சாய்ந்துகொண்டாள்.

"உக்காருங்கக்கா" என்று பரீஹா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஜன்னல் ஓரத்து ஸ்டூல். செல்வி நின்றே இருந்தாள்.

டாக்டரே தட்டுகளை அளந்து, திருத்திய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். டிரிப் ஏறவில்லை. மறுநாள் இரண்டாவது தட்டும் அதையே சொன்னது. அந்த வாரமே ஈஸ்ட் மேஜைக்கு பரீஹா பொறுப்பு என்று டாக்டர் அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். செல்வியும் தட்டினாள், வடைக்கு மாவு தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு. அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாகராஜ் தட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், தன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

செண்பகவல்லி மாத்திரையோடு வீடு வந்து சேர்ந்தாள். செல்வி பார்க்கப் போனாள். மதினி மெலிந்திருந்தாலும் வாய் மெலியவில்லை. மருமகளை இரண்டு அதட்டு அதட்டிவிட்டு, "வா செல்வி, உக்காரு" என்றாள். மாரிசெல்வம் டீயைக் கொண்டுவந்து வைத்தான்.

"அத்தே, வார்டுல நர்ஸ் சொல்லிச்சு. உங்க லேபுல பரீஹா மேடம்னு ஒருத்தவங்களாம்லா? அவங்கதான் அம்மைக்கு மாத்திரை கேக்கும்னு கண்டுபிடிச்சாவளாம். அவங்க இல்லன்னா அம்மை இன்னும் நடுங்கிக்கிட்டுத்தான் கெடந்திருக்கும். அவங்களுக்கு ஒரு முறுக்கு டப்பா குடுத்து அனுப்பணும், கொண்டு போறீங்களா?"

செல்வியின் கையில் டீ கிளாஸ் நின்றது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. முறுக்கு டப்பாவை வாங்கிக்கொண்டு, பரீஹாவிடம் கொடுத்து, அவள் பிரித்துத் தின்பதையும் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். அதை நினைத்ததும் அவளுக்கு டீ கசந்தது.

"அவளுக்கு எதுக்குல முறுக்கு? மாடிக்குப் போன் பண்ணி டிரிப்ப நிறுத்துனது நாந்தான்."

"அப்படியா? அப்ப ரிப்போர்ட்ட மொதல்ல தப்பா எழுதுனது அவங்களா?"

செல்வி கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அதுவும் நாந்தான். அவ சரியாத்தான் சொன்னா, நான் கேக்கல. உங்கம்மை ஒரு நா கூடுதலா நடுங்குனது என்னாலதான். அத நிறுத்துனதும் என்னாலதான். சொன்னா ரெண்டையும் சேத்துச் சொல்லு, ஒண்ண மட்டும் சொல்லாத."

மாரிசெல்வத்துக்கு வாய் திறந்தபடி நின்றது. செண்பகவல்லி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து செல்வியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏட்டி, ஒரு முறுக்குக்காகவாட்டி இம்புட்டையும் ஒத்துக்கிட்ட?"

"முறுக்குக்காக இல்ல மதினி."

"பின்ன?"

செல்வி கிளாஸை எடுத்து மீதி டீயைக் குடித்தாள். செண்பகவல்லி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, டப்பா இரண்டு கட்டச் சொன்னாள்.

"ஒண்ணு அந்தப் புள்ளைக்கி. ஒண்ணு இவளுக்கு. அந்தப் புள்ளைக்கிப் பெரிய டப்பாவா கட்டு."

செல்வி இரண்டையும் வாங்கிக்கொண்டாள். சந்து முனை வரும்வரை பொறுத்தாள். அங்கே நின்று, ஒவ்வொரு கையிலும் ஒரு டப்பாவைத் தூக்கி எடை பார்த்தாள்.